செராயா தோட்டத்து மோரிஸ்

கோலாலம்பூருக்கு வடக்கே, ராசா என்ற சிற்றூரில் ரயில் கேட்டைத் தாண்டி நூறு கெஜம் நடந்தால் இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை வரும். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் பழைய லோரி அச்சு ஒன்றை நட்டு வைத்திருக்கும். அதுதான் நாகூர் மீரானின் பட்டறை.

மீரான் நாகப்பட்டினத்துக்காரன். பதினாறு வயதில் கப்பலேறி, கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாய்மாமனிடம் வந்து சேர்ந்தான். மூன்று மாதம் தேத்தண்ணீர் ஆற்றினான். கடைக்கு எதிரே மீன் லோரிகள் வந்து நிற்கும். பாலைச் சுட வைத்துவிட்டு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். மூன்றாவது தடவை பால் பொங்கி வழிந்தபோது, "உனக்குக் கடை சரிப்படாது, இரும்போட போய்க் கெட" என்று மாமா அவனை ஒரு சீனன் பட்டறையில் விட்டார். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் லோரிகளை ஓட்டிக் காட்டியவன் மீரான். போர் முடிந்ததும் கரீமாவைக் கட்டிக்கொண்டு ராசாவில் சொந்தமாகக் கொட்டகை போட்டான். 1951-இல் அவனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகள்.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரச் சட்டம் போட்ட எமர்ஜென்சி காலம். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறிக்கொண்டிருந்தது. ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குப் பின்னால் மலையேறும் காட்டில் ஆயுதத்தோடு இருந்தவர்களை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'உள்ளே இருக்கிறவங்க' என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போதே குரல் தணிந்துவிடும்.

நவம்பர் மழையில் ஒருநாள், செராயா தோட்டத்துப் பெரிய கிராணியார் அம்பிகைபாகனின் காரை ஒரு லோரி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. 1936-ஆம் ஆண்டு மோரிஸ் எயிட். கறுப்பு வண்டி. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் நாலு வருஷம் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் இருந்து பிழைத்த வண்டி. அம்பிகைபாகன் குடையை மடக்காமலே கொட்டகைக்குள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர், மெலிந்த தேகம். தோட்டத்தில் இருபது வருஷம் கணக்கெழுதியும் யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"மீரான், பிளாக் வெடிச்சுப் போச்சு. ஒட்டேலுமோ?"

மீரான் பானட்டைத் தூக்கிப் பார்த்தான். சிலிண்டர் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பிளவு.

"ஒட்டினா ஒரு மாசம் ஓடும் ஐயா. அப்புறம் திரும்பவும் வாய் பொளந்துக்கும்."

அம்பிகைபாகன் குடைக்கம்பியைத் திருகினார். "பழைய துரையின்ர கார் ஃபாக்டரிக்குப் பின்னால கிடக்குது. புதுத் துரையிட்டக் கேட்டன். இஞ்சினைக் கழட்டிக்கொண்டு போ எண்டு சொல்லிப்போட்டார்."

பழைய துரை என்றால் நெட்டைத் துரை. ஆறடிக்கு மேல் உயரமானவர் என்பதால் லயத்தில் வைத்த பெயர். ஆகஸ்டு மாதம் ஒரு காலையில், தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேருவதற்கு ஒரு மைல்கட்டை தூரம் முன்னால், மூங்கில் வளைவில் அவரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

அவருடைய கார் மோரிஸ் மைனர். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிராணியாரின் வண்டியும் அதுவும் ஒரே கம்பெனி, சித்தப்பன் மகன் பெரியப்பன் மகன் மாதிரி. கொஞ்சம் வெட்டி ஒட்டினால் பொருந்திவிடும். மீரானுக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான். சரி என்றான்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனான். ஃபாக்டரியில் இஞ்சின் ஓட்டும் தங்கராஜு, ஐம்பது வயது ஆள், பாரம் தூக்கும் செயின் புளோக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஃபாக்டரிக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய மைனர் நின்றது. தார்ப்பாயை விலக்கியபோது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நாய் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது.

"தொரை வளத்தது," என்றார் தங்கராஜு. "மூணு மாசமா இங்கனதான் கெடக்குது. சோறு வச்சா ராத்திரில வந்து தின்னுட்டு திரும்பவும் அடியில போயிரும்."

ஓட்டுநர் பக்கக் கதவு சல்லடையாக இருந்தது. ஆசனத்தை யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள், அந்த இடத்தில் வெறும் தகரம். மீரான் அந்தப் பக்கம் பார்க்காமல் முன்னால் போய்ப் பானட்டைத் திறந்தான். உள்ளே இஞ்சின் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஒரு குண்டுகூட அதைத் தொடவில்லை. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் நேற்று ஊற்றியது போலத் தெளிவாக இருந்தது.

கியர் இரண்டாவதில் நின்றது. மூங்கில் வளைவில் ஏற்றம் உண்டு, எந்த வண்டியும் அங்கே இரண்டாவது கியரில்தான் ஏறும். நெட்டைத் துரை கடைசியாகத் தொட்ட இடத்திலேயே அது நின்றுவிட்டிருந்தது. மீரான் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. தங்கராஜுவும் பிடித்துத் தள்ளினார். கடைசியில் மரக்கட்டையால் தட்டித்தான் அதை விடுவிக்க வேண்டியிருந்தது.

இஞ்சினும் கியர் பெட்டியும் சங்கிலியில் தொங்கியபோது நாய் வெளியே வந்தது. குரைக்கவில்லை. நேராக வந்து தொங்கும் இரும்புக்கு அடியில் நின்று மேலே பார்த்தது. இறக்க முடியவில்லை. தங்கராஜு அதட்டினார், கல்லை எடுப்பது போல் குனிந்தார். அது நகரவில்லை. கழுத்தில் கயிறு போட்டு இழுத்த பிறகுதான் இரும்பை லோரியில் இறக்க முடிந்தது.

பட்டறையில் பத்து நாள் வேலை. பழைய வண்டிக்கு மூன்று கியர், புதுசுக்கு நாலு. புதுக் கியர் பெட்டி ஒரு சாண் நீளம் கூடுதல் என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை அறுத்துக் குறைத்து மறுபடி ஒட்டவைத்தான். இஞ்சின் உட்காரும் பாதங்கள் சட்டத்தில் பொருந்தவில்லை. ஃபாக்டரியில் கிடந்த தண்டவாளத் துண்டைக் காய்ச்சி அடித்துப் புதுப் பாதங்கள் செய்தான். ரேடியேட்டர் குழாயை வளைத்தான். துரை வண்டியின் பெட்ரோல் பம்பையே இதிலும் மாட்டினான். மின்சாரத்தில் ஓடும் பம்பு அது. சாவியைத் திருப்பினால் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று அடித்து, பெட்ரோல் நிரம்பியதும் நின்றுவிடும். நல்ல வேலை நடந்துகொண்டிருக்கும்போது மீரான் மெதுவாகப் பாடுவான். அந்தப் பத்து நாளும் பாடவில்லை என்று கரீமா பிறகு சொன்னாள்.

இஞ்சினைக் கிளப்பிய அன்று தங்கராஜு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் குந்தியிருந்தார். முதல் திருகிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. மீரான் வண்டியை வெளியே எடுத்து, கேட் வரைக்கும் போய், இரண்டாவது கியரில் மேட்டை ஏறித் திரும்பி வந்தான். அந்தக் கியரில் ஒரு சீழ்க்கை வந்தது. மெல்லியதாகத் தொடங்கி, வேகம் கூடக்கூட மேலே ஏறி, கியர் மாற்றும்போது சட்டென்று அறுந்து போகும் சத்தம். கியர் பற்கள் சரியாகக் கவ்வாத குறை அது, புது வண்டியிலேயே இருந்த குறை.

வண்டி கொட்டகைக்குள் வந்தபோது தங்கராஜு எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது.

"என்னண்ணே?"

அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "நான் எப்ப எந்திரிச்சேன்?" என்றார். பிறகு, "பாய், இது தொரை வர்ற சத்தம்."

செராயா தோட்டத்தில் அந்தச் சீழ்க்கையைத் தெரியாத ஆள் கிடையாது. அது கேட்டால் ஆட்களை மேய்க்கும் மண்டோர் தொப்பியைச் சரிசெய்வார். பால் எடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். சுருட்டுப் பிடிப்பவன் சுருட்டை மிதித்து அணைப்பான். ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தத் தோட்டம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே வேலை செய்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு மீரான் வண்டியைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். வளைவைத் தாண்டி ஏற்றத்தில் சீழ்க்கை எழுந்தது. கேட்டில் நின்ற காவல்காரர்கள் வண்டியைப் பார்க்காமலே தடுப்பைத் தூக்கி சல்யூட் வைத்தார்கள். பிறகுதான் உள்ளே இருப்பது யாரென்று கண்டார்கள். ஒருவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. நிறுவைக் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. ஒரு பெண் குழந்தையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். பங்களாவைக் கடந்தபோது சமையல்காரர் நாகமணி தட்டில் தேத்தண்ணீரோடு படியில் நின்றார். பழைய துரை நாலரைக்குத் தேத்தண்ணீர் குடிப்பவர். புதுத் துரை ஆறு மணிக்குத்தான் வருவார், அவருக்குத் தேத்தண்ணீர் பிடிக்காது. நாகமணி தட்டோடு நின்று வண்டி போவதையே பார்த்தார்.

நாய் எங்கிருந்தோ வந்து கிராணியார் வீடு வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடியது. வண்டி நின்றதும் முன்சக்கரத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டேலாதோ?" என்று அம்பிகைபாகன் கேட்டார்.

"கியர் பெட்டியப் பிரிச்சுப் பல்ல மாத்தணும் ஐயா. கோலாலம்பூர்ல சொல்லி வைக்கிறேன். சாமான் வர ஒரு மாசம் ஆவும்."

மூன்று வாரம் கழித்துச் சாமான் வந்துவிட்டது. மீரான் ஆள் அனுப்பினான். கிராணியார் வரவில்லை. மறுபடியும் அனுப்பினான். 'இப்ப அவசரமில்லை' என்று பதில் வந்தது. பிறகு ஒருநாள் கிராணியாரின் மனைவி வாகீஸ்வரியை ராசா கடைத்தெருவில் பார்த்தான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தம்பி, இவர் ஒரு மாதிரிப் போறார். விடிய அஞ்சரைக்கே காரை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுத்துறார். அது துரை சுத்துற நேரம். முந்தி எட்டு மணிக்குத்தான் கந்தோருக்குப் போவார்."

"வேல கூடியிருக்கும்மா."

"வேலையில்லை தம்பி. நேற்றுப் பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணி கேட்டார். கலியாணம் கட்டி இருவத்தஞ்சு வருசம், பின்னேரம் இவர் கோப்பிதான் குடிக்கிறவர்." முந்தானையை விரலில் சுற்றினார். "ஒரு மண்டோருக்குக் கை ஓங்கிப்போட்டார் எண்டு கதைக்கினம். எனக்குப் பயமாக் கிடக்கு."

மீரான் அன்றே தோட்டத்துக்குச் சைக்கிளை மிதித்தான். அம்பிகைபாகன் தோட்டத்து ஆபீஸான கந்தோரில் இருந்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து, ஒரு காலை மேசையின் இழுப்பறையில் தூக்கி வைத்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து மீரான் பார்த்ததே இல்லை.

"இருபது வருசம் மீரான். நான் வந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. இப்ப எல்லாரும் எழும்பி நிக்கினம்."

"அது உங்களுக்கு நிக்கல ஐயா."

"தெரியும்," என்றார் அம்பிகைபாகன். "அந்தச் சாமான் உம்மட்டயே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகலில், பட்டறைக்கு ஒருவன் வந்தான். இருபத்தெட்டு வயதிருக்கும். மழையில் நனைந்து தலை ஒட்டியிருந்தது. செராயா தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், பெயர் செல்லன். மீரான் அவனை ஒன்றிரண்டு முறை சைக்கிள் பழுதுக்குப் பார்த்திருந்தான். அவன் உட்காரவில்லை. சுவரோரம் நின்றான்.

"பாய், கிராணியார் வண்டில இருக்கறது தொரை இஞ்சின்தானே?"

"ஆமா. தோட்டத்துக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியல."

மீரான் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

செல்லன் பேச ஆரம்பித்தான். ஆரம்பித்தவனுக்கு நிறுத்த முடியவில்லை. ஆகஸ்டு மாதம் உள்ளே இருக்கிறவர்கள் அவனுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். மூங்கில் வளைவுக்கு மேலே மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். துரை வண்டி எது, போலீஸ் வண்டி எது என்று அவன் காதுக்குத் தெரியும். சீழ்க்கை கேட்டதும் தலைத்துண்டை அவிழ்த்து உதற வேண்டும். அவ்வளவுதான். முடியாது என்று சொல்ல வழியிருக்கவில்லை. ராத்திரி லயத்துக்கே வந்து அம்மாவின் முன்னால் கேட்டார்கள்.

"நான் சுடல பாய். காது கேட்டேன், துண்ட ஒதறினேன். அன்னிலேர்ந்து தெனமும் காலைல அந்தச் சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நெனப்புத்தான், போயிரும்னு இருந்தேன். அப்புறம் ஒருநாள் நெசமாவே வந்திருச்சு. மரத்தடியிலயே ஒக்காந்துட்டேன். கத்தி எங்க விழுந்துச்சுன்னு தெரியல."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. கேளுங்க பாய். அவங்களும் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டாங்க. யார்றா அதுன்னாங்க. கிராணியாருன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க. புதுத் தொரைதான் கிராணி வண்டில ஒளிஞ்சு போறான், நீ போலீசுக்காரன் பக்கம் போயிட்டேன்னு சொல்றாங்க. செவ்வாக்கெழம கிராணியாரு கோலக்குபுவுக்குக் காயிதம் கொண்டுட்டுப் போவாரில்ல? வளைவுல ஒக்காருவாங்க. திரும்பவும் என்னையே துண்ட ஒதறச் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

மீரான் அந்த ஞாயிறும் திங்களும் சரியாகச் சாப்பிடவில்லை. போலீசிடம் சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள், செல்லனைத் தூக்கில் போடுவார்கள். கிராணியாரிடம் சொன்னால் அவரும் நேரே போலீசுக்குத்தான் போவார். வண்டியை வராமல் தடுத்தால் விஷயம் வெளியே போய்விட்டது என்று உள்ளே இருக்கிறவர்களுக்குப் புரியும், அப்போதும் செல்லன் கதி அதுதான். கியர் பெட்டியைப் பிரித்து மாட்ட நாலு நாள் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் செத்தான். கரீமா கேட்டாள்.

"என்ன மச்சான், மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. செவ்வாக்கெழம கிராணியார் வண்டிய ஓட்டிப் பாக்கணும்."

செவ்வாய் காலை வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு போனான். தூரத்திலிருந்து பார்த்தாலும் பாய் என்று தெரிய வேண்டும். பின்சக்கரத் தண்டில் ஒட்டு விலகியிருக்கும் என்று சந்தேகம், நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிராணியாரிடம் சொன்னான். அம்பிகைபாகனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிடச் சொன்னான் மீரான். நாய் கேட் வரைக்கும் ஓடி வந்தது. கேட்டைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று பார்த்தது.

மணி பத்து. நல்ல வெயில். வளைவில் இரண்டு பக்கமும் மூங்கில் சாய்ந்து ரோட்டுக்கு மேல் ஒன்றையொன்று தொட்டது. அதற்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றினான். சீழ்க்கை எழுந்தது. மேலே மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. கை தலைக்குப் போய் அப்படியே நின்றது.

மீரான் வளைவின் நடுவில் வண்டியை நிறுத்தினான். சாவியைத் திருப்பி உருவினான். சீழ்க்கை அறுந்தது.

"என்ன மீரான்?"

"பெட்ரோல் வரல ஐயா. நீங்க அப்படியே உக்காருங்க. எறங்காதீங்க."

இறங்கினான். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டே முன்னால் நடந்தான். பானட்டின் இரண்டு பக்கத்தையும் மடித்து மேலே தூக்கினான். எல்லாரும் பார்க்கட்டும். உள்ளே துரை இல்லை, போலீஸ் இல்லை. ஒரு கிழட்டு வண்டி, ஒரு கிராணி, ஒரு பாய், ஒரு இஞ்சின். காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான். பூச்சிகள் கத்துவது நின்றிருந்தது. மூங்கிலில் காற்றில்லை. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. பிடரியில் ஒரு புள்ளி மட்டும் சுடுவது போலிருந்தது.

பின்னால் சருகு நொறுங்கியது. அவன் திரும்பவில்லை. ஒரு ஆள் வந்து வண்டியின் மறுபக்கம் நின்றான். காக்கிச் சட்டை, கான்வாஸ் சப்பாத்து, முழங்காலில் அட்டை கடித்த ரத்தம். சீன ஆள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்திருந்தான். கதவு வழியாகக் குனிந்து அம்பிகைபாகனைப் பார்த்தான். ஆசனத்தின் பின்புறம் பார்த்தான். அம்பிகைபாகன் காகிதப் பையை மார்போடு அணைத்துக் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

இது யார் வண்டி என்று மலாயில் கேட்டான்.

"கிராணி வண்டி," என்றான் மீரான், அதே மலாயில். "பழசு. இஞ்சின் மட்டும் வேறே. செத்துப் போன துவானுடையது." துவான் என்றால் மலாயில் துரை.

அந்த ஆள் இஞ்சினைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, சூட்டையும் பாராமல், பெட்ரோல் பம்பின் மேல் விரல்களை வைத்தான்.

பம்பு அடித்தது. டிக். டிக். டிக்.

சாவி மீரானின் சட்டைப்பையில் இருந்தது.

அந்த ஆள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் உதடு காய்ந்திருந்தது. துவான் செத்துவிட்டான், நான் பார்த்தேன் என்றான். அது மீரானுக்குச் சொன்னது போல இல்லை. போ என்று கையை அசைத்தான். பின்பக்கமாகவே நடந்து, இஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல், மூங்கிலுக்குள் மறைந்தான். உள்ளே இன்னும் ஐந்தாறு பேர் எழுந்து போகும் சத்தம் கேட்டது.

மீரான் பானட்டை மூடி ஏறி உட்கார்ந்தான். சாவியைச் செருகித் திருப்பினான். வண்டி உடனே கிளம்பியது. வளைவைக் கடந்து பெரிய ரோட்டில் ஏறினார்கள்.

"நீர் தெரிஞ்சுதான் நிப்பாட்டினீரோ?" என்று கேட்டார் அம்பிகைபாகன்.

"பெட்ரோல் வரல ஐயா."

கோலக்குபுவில் ஆபீஸ் வாசலில் அவரால் இறங்க முடியவில்லை. மீரான்தான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பும்போது அம்பாங் பெச்சா பக்கம் ஒரு கடையில் நிறுத்தி அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்தச் சாமானைப் போட்டுவிடும் மீரான்," என்றார். "இண்டைக்கே பிரியும்."

நாலு நாளில் கியர் பற்களை மாற்றினான். சீழ்க்கை போய்விட்டது. பம்பையும் கழற்றி மேசையில் வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். எங்காவது மின்சாரம் கசிந்திருக்க வேண்டும். எங்கேயும் கசியவில்லை. சாவி இல்லாமல் அதை ஒரு முறையாவது அடிக்கவைக்க ஒரு வாரம் முயன்றான். முடியவில்லை. வேறே பம்பு போட்டான். இதை அவன் கரீமாவிடம் மட்டும் சொன்னான். அவள் ஏதோ ஓதி அவன் நெஞ்சில் ஊதிவிட்டாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்பிகைபாகன் பழையபடி எட்டு மணிக்குத்தான் கந்தோருக்குப் போனார். அவர் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபது வயதாகும் முன்பே ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போகுமுன் வண்டியைத் தெலுக் ஆன்சனில் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

செல்லன் தப்பவில்லை. 1952 ஜனவரியில் ஒரு விடியற்காலை லயத்தை ராணுவம் வளைத்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஆள் காட்டுவதற்காக வேனுக்குள் முகமூடி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் சிலரைக் கண்டு தலையாட்டினான். செல்லனுக்கும் ஆட்டினான். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் முகாமில் வைத்துவிட்டு நாடு கடத்த உத்தரவு வந்தது. அவன் செராயா லயத்தில் பிறந்தவன். கப்பலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அவனைக் கப்பலேற்றி எந்தத் துறைமுகத்தில் விடப்போகிறார்கள் என்று கேட்டபோது மீரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாகப்பட்டினம். அன்றே அண்ணன் உதுமானுக்குக் கடிதம் எழுதினான். 'செல்லன் என்று ஒருவன் வருகிறான். அவனுக்கு அங்கே ஒருவரும் கிடையாது. பால் வெட்டுவதைத் தவிர எதுவும் தெரியாது. எனக்கு வேண்டியவன். ஏன் என்று கேட்காதீர்கள்.'

உதுமான் கேட்கவில்லை. துறைமுகத்தில் சுருட்டிய கோரைப்பாயும் தகரப் பெட்டியும் வைத்துக்கொண்டு, யாரும் வராத பக்கத்தையே பார்த்து நின்றவனை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். தன் அரிசி மில்லில் வேலை கொடுத்தார்.

மீரானுக்கு ராசா ஒத்துவரவில்லை. காலையில் ரயில் கேட்டுப் பக்கம் எந்த வண்டி மேடேறினாலும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றுவிடுவான். 1953-இல் குடும்பத்தோடு கோலசிலாங்கூருக்கே போனான். மாமா கடைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், மீன்பிடிப் படகு இஞ்சின்களைப் பழுது பார்த்தான். ஈரமும் உப்பும் ஏறிய இரும்பு, கடினமான வேலைதான். மறுபடி பாட ஆரம்பித்தான். பெண்கள் இரண்டு பேரையும் அங்கேயே கட்டிக்கொடுத்தான்.

1961-இல், எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், முப்பது வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போனான். செல்லன் கடற்கரைப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தான். மனைவி, மூன்று பிள்ளைகள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. வாசலில் மீரானைப் பார்த்ததும் ஓடி வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனான். உட்கார வைத்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். தோட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் செல்லன் மனைவிக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டான். "பாய், பெலாச்சான் கொண்டாந்தீங்களா?"

மீரான் பையிலிருந்து எண்ணெய்த் தாளில் நாலு சுற்றுச் சுற்றிய பொட்டலத்தை எடுத்தான், புளிக்க வைத்து இடித்த இறால் விழுது. சுங்கத்தில் அதிகாரி மோந்து பார்த்துவிட்டு, முதலில் எடுத்துக்கிட்டுப் போய்யா என்று விரட்டிய பொட்டலம். செல்லனின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். செல்லன் தானே அடுப்படியில் குந்தி, மிளகாயோடு வைத்து இடித்து, சோற்றில் பிசைந்து, அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.